காரணம்: ஆர்மோனியம்

வாழவந்தி,
12 ஜூலை 2025

மேக்ஸ்வெல்,

“அன்புள்ள” என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் பேசச் சொல்லி உன் பெண்டாட்டி ஃபெபியை விட்டுத் தூது அனுப்புகிறாய். மாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒன்று நான் அழுவேன், இல்லையென்றால் இருபத்திரண்டு வருஷம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தும் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்துவிடும். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும். தபால்காரர் மாரியப்பனுக்கும் எங்கள் பக்கம் வர ஒரு சாக்கு கிடைக்கும்.

நேற்று டயாலிசிஸுக்குச் சேலம் போயிருந்தேன். வார்டில் கீர்த்தனா என்ற பெண் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். “உங்க தம்பி கம்பெனியில இருந்து வர்றேங்க” என்றாள். ஊசி குத்துவதற்காக என் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, பிஸ்டுலா, அதன் மேலே ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். பத்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். உள்ளே குட்டியாக ஒரு பச்சை வெளிச்சம். தோலுக்கு அடியில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம், குழாய் அடைக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லுமாம். சோதனைக்கு எடுத்த நாற்பது பேரில் என் பெயரை நீதான் சேர்த்தாயாம்.

அங்கேயே உரித்து அவள் கையில் கொடுத்திருப்பேன். போன வருஷம் கிட்னி தருகிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய், நான் கேட்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பொருந்தி, ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய காலையில் நீ வரவில்லை. பதினொன்றரை மணி வரை அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் போன் அணைந்திருந்தது. பத்து மாதம் கழித்து இப்போது ஒரு ஸ்டிக்கர் வருகிறது. அழுத பிள்ளைக்கு ஆரஞ்சு மிட்டாய்.

ஆனாலும் உரிக்கவில்லை. அந்தப் பெண் வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அதற்காகத்தான், வேறு ஒன்றும் இல்லை.

சாந்தாமேரி


சென்னை,
18 ஜூலை 2025

அக்கா,

நீ அடித்த “அன்புள்ள”வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். எனக்கு அது போதும்.

ஃபெபிதான் என்னைத் தடுத்தாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் தடுக்கவில்லை. பயம் அக்கா. அன்று நான் வந்த பஸ் விழுப்புரத்தில் டீக்கு நின்றது. இறங்கினேன். திரும்ப ஏறக் கால் வரவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். கிட்னி கொடுக்கத் துணிச்சல் இல்லாதவன் இந்த ஸ்டிக்கரையாவது கொடுக்கிறேன். என் மேல் கோபம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஸ்டிக்கர் உன் கையில் இருக்கட்டும்.

அதில் சில விஷயம் தெரிந்துகொள். பார்த்ததையெல்லாம் சென்சார் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும். உன் போன் பக்கத்தில் வந்தால் கொட்டிவிடும், போனுக்கு டவர் கிடைத்தால் எங்களுக்கு வரும். வந்தது திரையில் கோடாக ஓடும், அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. நாற்பது பேருக்கு நாற்பது கோடு. காலையில் நான் முதலில் திறப்பது உன்னுடையது.

ஊசி போடும்போதும் குளிக்கும்போதும் தவிரக் கழற்றாதே. வேறு யாருக்கும் ஒட்டாதே, நீ கையெழுத்துப் போட்ட தாளிலேயே அது இருக்கிறது. சொந்தக்காரரைச் சேர்க்கிறேன் என்றதும் எங்கள் மேலாளர் பிரபாகர் சார் முகத்தைச் சுளித்தார். “எங்கக்கா ஹாஸ்டல் வார்டன் சார், ரூல் போடுற ஆளு, மீற மாட்டாங்க” என்று சொல்லித்தான் வாங்கினேன். என் மானத்தைக் காப்பாற்று.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
2 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

விழுப்புரத்தை நான்கு முறை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று இப்போதே எழுத வரவில்லை. ஆனால் பொய் சொல்லாமல் இருந்தாயே, அந்த வரைக்கும் சரி.

நம் வீட்டில் டவர் கிடையாது என்பதை மறந்துவிட்டாய். சாயங்காலம் தினமும் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டு மேட்டுக்கு ஏறுகிறேன். சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கோட்டை உனக்கு அனுப்பிவிட்டு இறங்குகிறேன். “டீச்சரு யாருக்குங்க டெய்லி போன் போடறீங்க?” என்று, வார்டனை டீச்சர் என்றே கூப்பிடுகிற எஸ்டேட் ஆட்கள் கிண்டல் செய்கிறார்கள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா?

இன்னொரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆராயி என்று ஒருத்தி. கரடியூர்க்காரி, நாற்பது வயதுகூட இருக்காது. அவளும் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணுவும் சாமையும் கொஞ்சம் காப்பியும் போட்டுப் பிழைக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி ஒண்டிக்கடை ஸ்டாப்பில் சேலம் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்து நிற்போம், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்போம். நான் வாந்தி எடுத்தால் என் தலையைப் பிடிப்பது அவள்தான், நர்ஸ் இல்லை. போன வருஷம் அவளுடைய வலது கைப் பிஸ்டுலா அடைத்து நின்றுவிட்டது. மேல் கையிலும் குழாய் சரியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது இடது கைதான் கடைசி. அதுவும் போனால் கழுத்தில் டியூப் போட வேண்டும். டியூப் போட்டவர்கள் வார்டில் எத்தனை நாள் இருந்தார்கள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ரத்தம் ஓடும்போது அந்தக் கையில் பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் கையைக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். என் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “பொட்டு வெச்ச மாதிரி இருக்குதுங்க டீச்சரு. எம்பட கைக்கு ஒன்னு கெடைக்காதுங்களா?” என்று கேட்டாள். கீர்த்தனாவைக் கேட்டேன். நாற்பது பேர் முடிந்துவிட்டது, அதற்கேற்ற போனும் அவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டாள். நீ சொன்னால் நடக்காதா?

உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத்தானே அம்மா நம்மை வளர்த்தாள். வீட்டில் இரண்டே பிடி இருந்த நாளிலும் எடுத்தாள். ஆராயி பக்கத்தில் இதை ஒட்டிக்கொண்டு படுத்திருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா


சென்னை,
21 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஆராயிக்காகப் பிரபாகர் சாரிடம் இரண்டு முறை கேட்டேன். முடியாது என்கிறார். சோதனை நடுவில் ஆள் சேர்த்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடுமாம். அடுத்த வருஷம் பெரிய அளவில் செய்யப் போகிறார்கள், அதில் முதல் பெயர் அவளுடையது. சத்தியம்.

இப்போது உன் பஞ்சாயத்து. இரண்டு வாரமாக உன் கோடு எனக்குப் புரியவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அருமையாக ஓடுகிறது. வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை பார்த்தால் ஓட்டம் குறைவு, துடிப்பும் வேறு மாதிரி. யாரோ வேறு ஆள் கை மாதிரி இருக்கிறது. அந்த மூன்று நாள் கணக்கும் திங்கள் காலையில்தான் மொத்தமாக வருகிறது. சனி ஞாயிறு என்ன செய்கிறாய்? தண்ணீர்க் குடம் தூக்குகிறாயா? அந்தக் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுக்கிறாயா? மேட்டுக்கு ஏன் ஏறுவதில்லை?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. காரணத்தை எழுதினால்தான் நான் இங்கே பதிவு செய்ய முடியும்.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
27 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

குடமும் தூக்கவில்லை, குண்டானும் தூக்கவில்லை. ஆர்மோனியம்தான். சனிக்கிழமை கோயிலில் பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை பூசை, சாயங்காலம் அன்பிய ஜெபக் கூட்டம். எல்லாவற்றுக்கும் வாசிப்பது நான்தானே. துருத்தியை இடது கையால்தானே இழுக்க வேண்டும். இழுத்து இழுத்துக் கை அசந்துவிடுகிறது, பிறகு மேட்டுக்கு ஏற எனக்கு ஏது தெம்பு. திங்கள்கிழமை பஸ்ஸுக்கு வரும்போது டவர் கிடைக்கிறது, அப்போது போய்ச் சேரட்டும். இதையே எழுதிக்கொள்.

இங்கே ஒரே மூட்டம். துணி காய்ந்து நான்கு நாள் ஆகிறது. ஆராயி ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வாழைப்பழம் டயாலிசிஸ்காரர்களுக்கு ஆகாது என்று அவளுக்கும் தெரியும், கொடுக்காமல் இருக்க முடியவில்லை. இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாளாம்.

அக்கா


சென்னை,
8 செப்டம்பர் 2025, திங்கள்

அக்கா,

காலையிலிருந்து ஒன்பது முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கோபமெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், இந்த ஒரு தடவை எடுத்திருக்கலாம்.

இன்று வந்த கணக்கில் சனிக்கிழமையிலிருந்து உன் ஓட்டம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. திரையில் சிவப்பு எரிந்தது. இந்தச் சோதனையில் சிவப்பு எரிந்த முதல் ஆள் நீ. கீர்த்தனாவிடம் பேசிவிட்டேன். சாதாரணமாக ஸ்கேனுக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமாம், எங்கள் நோயாளி என்பதால் இந்த வெள்ளியே எடுத்துவிடுகிறார்கள். குழாய் எங்காவது சுருங்கியிருந்தால் அன்றே உள்ளே பலூன் விட்டு விரித்துவிடுவார்கள். இப்போது பார்த்தால் காப்பாற்றிவிடலாம், அடைத்த பிறகு பார்த்தால் கஷ்டம்.

போக மாட்டேன் என்று அடம் பிடிக்காதே. உன் காலில் விழுகிறேன்.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
13 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். என் கை நன்றாக ஓடுகிறதாம். “சின்னப் பிள்ளை கை மாதிரி இருக்குதும்மா, யாரு உங்களப் பயமுறுத்துனது?” என்று ஸ்கேன் டாக்டர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. சோதனையில் இல்லாத ஒருவருக்குச் சந்தேகம் என்றால், இதே மாதிரி சீக்கிரம் ஸ்கேன் எடுக்க உங்கள் கம்பெனி சொல்லுமா? ஆராயிக்கு நேற்று ஊசி குத்தும்போது ரத்தம் சரியாக வரவில்லை. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடுது, இருந்தாலும் பார்த்துருவோம்” என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி. முன்னால் கிடைக்குமா? அவளுக்கு அந்தக் கை ஒன்றுதான் என்று சொன்னேன் அல்லவா.

இன்னும் எழுத நினைத்தேன். தலை வலிக்கிறது.

அக்கா


சென்னை,
19 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கை நன்றாக இருக்கிறது என்று கீர்த்தனா சொன்னதும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஃபெபி சனிக்கிழமை பிரியாணி செய்தாள்.

இங்கே எல்லாரும் என்னை ஓட்டுகிறார்கள். முதல் சிவப்பே பொய்யாம், அதுவும் என் சொந்த அக்காவாம். பரவாயில்லை, ஓட்டிவிட்டுப் போகட்டும். இனிமேல் உன்னை வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்று அன்றைக்கே பிரபாகர் சாரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். வெள்ளி சாயங்காலம் முதல் திங்கள் காலை வரை உன் ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் சிவப்பு எரியாது. பதிவில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் “ஆர்மோனியம்” என்று தட்டினேன். எங்கள் ஆபீஸில் அந்தக் கட்டத்தில் வந்த முதல் வாத்தியம் அதுதான். நீ தாராளமாக வாசி.

ஆராயி விஷயம் கம்பெனி கையில் இல்லை. இருபத்தாறு என்றால் இன்னும் ஒரு வாரம்தானே. டாக்டரே ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று சொல்.

மேக்ஸ்வெல்


வாழவந்தி,
5 அக்டோபர் 2025, ஞாயிறு

மேக்ஸ்வெல்,

ஆராயி நேற்று முன்தினம் செத்துப்போனாள்.

கை இருபத்து நான்காம் தேதி நின்றது. புதன்கிழமை ஒண்டிக்கடையில் என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்தாள். “சத்தத்தக் காணோமுங்க டீச்சரு” என்றாள். ஒன்றும் அதிரவில்லை. பஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முடிக்கும் வரை என் கையை விடவில்லை. அடைப்பை எடுக்க முயற்சி செய்தார்கள், நேரம் கடந்துவிட்டது என்றார்கள். கழுத்தில் டியூப் போட்டார்கள். ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல். கிருமி ரத்தத்தில் போய்விட்டது. வெள்ளிக்கிழமை முடிந்தது.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

நான் மூன்று வருஷமாக ஆர்மோனியத்தைத் தொடவில்லை. கையில் பிஸ்டுலா போட்ட அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது வாசிப்பது ஜெஸ்லின் என்ற பெண். நீ ஊருக்கு வந்துகொண்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளி முதல் திங்கள் வரை அந்த ஸ்டிக்கர் ஆராயி கையில் இருந்தது. ஆகஸ்ட் எட்டாம் தேதி ஆரம்பித்தோம். டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது உரித்து அவளுக்கு ஒட்டுவேன், திங்கள் காலை அவள் உரித்துத் தருவாள். நான்கு நாள் எனக்கு, மூன்று நாள் அவளுக்கு. ஏதாவது ஆபத்து என்றால் உன் திரை சொல்லும், நீ எனக்குச் சொல்வாய், நான் அவளுக்குச் சொல்வேன். இப்படித்தான் கணக்குப் போட்டேன். அவளுக்கும் அதை நம்பித்தான் தூக்கம் வந்தது.

ஸ்டிக்கர் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. நீயும் எழுதினாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே கீர்த்தனா ஓடிவந்து சொன்னாள். என் கை இல்லை, ஆராயி கை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். “உன் கை சரியில்லையாம், டாக்டரைக் கேளு” என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாள், இருபத்தாறாம் தேதி கிடைத்தது. எனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்தது.

அன்று கீர்த்தனா சக்கர நாற்காலியோடு வார்டு வாசலில் வந்து நின்று, “சாந்தாமேரி, வாங்க” என்றாள். ஆராயி பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தாள். “போயிட்டு வாங்க. எம்பட கையையும் இன்னிக்கே பாத்தா தேவலைங்க” என்றாள். கீர்த்தனாவிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் போய் உட்கார்ந்தேன். ஸ்கேன் கட்டிலில் படுத்து, நன்றாக ஓடுகிற என் கையை நீட்டினேன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் நான் படுத்துவிட்டு வந்தேன், மேக்ஸ்வெல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ரூல் மீற மாட்டாள் என்று நீ ஜாமீன் நின்றிருந்தாய், உன் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. நீ எனக்கென்று ஒன்றே ஒன்று கொடுத்தாய், அதை நான் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். உன் மேல் கோபம் கோபம் என்று எழுதினவள்தான் நான்.

நிலைமை மோசமானால் மறுபடியும் சிவப்பு எரியும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மனதை ஏமாற்றினேன். இனிமேல் எரியாது என்று நீ எழுதிய கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. படித்ததும் மேட்டுக்கு ஓடினேன். சில்வர் ஓக் மரத்தடியில் நின்று உன் நம்பரை எடுத்தேன். ஒரு வருஷமாகப் பேசாதவள் முதல் வார்த்தையாக இதையா சொல்வது என்று நின்றேன். இருபத்தாறுக்கு நான்கு நாள்தானே என்று இறங்கிவிட்டேன். இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது ஐயாக்கண்ணு கிட்டே வந்தார். “டீச்சருங்க, அந்தப் பொட்டுல அவ ரத்தம் ஓடுனது கோடு கோடாத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அத ஒருக்காப் பாக்க முடியுங்களா?” என்றார். டாக்டரே ஓடுகிறது என்று சொல்லிவிட்டார் என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள், அவருக்கு வேறு எதுவும் தெரியாது. முடிந்தால் அனுப்பு.

சாந்தாமேரி


சென்னை,
11 அக்டோபர் 2025

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னை என்னவெல்லாமோ திட்டியிருந்தேன். கொலைகாரி என்றுகூட எழுதிவிட்டேன். பிறகு என் பெயரைப் போட்டு அதையே எழுதிப் பார்த்தேன், அதுவும் பொருந்தியது.

யாரோ வேறு ஆள் கை மாதிரி இருக்கிறது என்று ஆகஸ்டிலேயே எழுதியவன் நான். என் கண்ணுக்குத் தெரிந்ததை நான் நம்பவில்லை. நீ ஆர்மோனியம் என்றாய், நம்பினேன். இந்த மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கு வந்திருந்தால் உன் பொய் அரை நிமிஷம் நின்றிருக்காது. முன்பும் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படியே திரும்பிவிடுவேன், விழுப்புரத்தோடு திரும்பினவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. முகம் இல்லாமல் போனது எனக்கு, உயிர் போனது அவளுக்கு.

ஆராயியின் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் பதிமூன்று பதினான்கில் இன்னும் குறைந்திருக்கிறது. இருபது இருபத்தொன்றில் அதற்கும் கீழே. நான் தட்டிய ஒரு வார்த்தை அதன் வாயை அடைத்திருந்தது.

எல்லாவற்றையும் எழுதிப் பிரபாகர் சாரிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஃபெபி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ள கீர்த்தனா வருவாள், கொடுத்துவிடு. அவளிடம் கோபிக்காதே, அவளும் அழுகிறாள்.

ஆராயியின் கோடுகளை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஏழு வாரம், ஏழு தாள். கம்பெனி அனுமதித்துத்தான் எடுத்தேன். மேலே உன் பெயர் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஆராயி என்று கையால் எழுதினேன். தேதிகளை மறைத்துவிடலாமா, அந்த மனுஷன் சும்மா கோட்டை மட்டும் பார்க்கட்டுமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இன்னொரு முறை எதையும் மறைக்க எனக்குக் கை வரவில்லை. கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

தம்பி


வாழவந்தி,
19 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று, காலை பஸ்ஸில் கரடியூர் போனேன்.

ஐயாக்கண்ணு காப்பிக் களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, “வாங்க டீச்சரு, ஊட்டுக்குள்ள வாங்க” என்று பாய் விரித்தார். தாள்களை ஈரம் படாத இடத்தில் வரிசையாகப் பரப்பினார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆராயி என்று நீ எழுதியிருந்ததை ஏழு தாளிலும் படித்தார். பிறகு முதல் கோட்டில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

“இது தூங்கையிலங்களா?”

“ஆமாங்க, ராத்திரி நேரம்.”

“இங்க குதிக்குதே?”

“நடந்திருப்பாங்க. ஏதாவது வேலை செஞ்சிருப்பாங்க.”

“ஞாயித்துக்கெழம கோழிக்குத் தீனி போட ஓடுவாளுங்க. அதானுங்க இது.” சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஐந்தாவது தாளுக்கு வந்துவிட்டார். விரல் கீழே இறங்கியது.

“இது ஏனுங்க இப்பிடி எறங்குது?”

மெஷின் கோளாறு என்று சொல்ல வாய் வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு எரிந்தது, கீர்த்தனா வந்தது, நாற்காலி, ஸ்கேன், உனக்குப் போன் செய்யாமல் மேட்டிலிருந்து இறங்கியது, ஒன்றையும் விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளிலிருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் தேதியிலிருந்து இருபத்துநான்கு வரை விரலை மடக்கி எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு, சரிதானா என்று மறுபடியும் எண்ணினார்.

“பதினாறு நாளுங்க” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“பதினாறு நாளும் நான் ஊட்லதானுங்க இருந்தேன். சொல்லியிருந்தீங்கன்னா காட்ட வித்தாவது வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பனுங்க. பஸ்ஸு இல்லைனாலும் தோள்ல தூக்கிட்டு எறங்கியிருப்பேன். எளச்சுத்தானுங்க போயிருந்தா, கனமே இல்ல.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆராயி சேலை மடித்து வைத்திருந்த பெட்டியில் வைத்தார். பஸ் நிற்கிற இடம் வரை என் கூடவே வந்தார். எனக்கு மூச்சு வாங்கும் என்று மெதுவாக நடந்தார். பஸ் வரும் சத்தம் கேட்டபோது சொன்னார். “உங்க மேல அவ உசுரா இருந்தாளுங்க. ஆனா இனிமே நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு என்னென்னமோ தோணுதுங்க.” சீட்டு கிடைக்கிற மாதிரி என்னை முன்படியில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

நீ வருகிறேன் என்று எழுதுவாய். வா. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கிட்னியைப் பற்றிப் பேச வேண்டாம், அந்தக் கணக்கு என் மனதில் தீர்ந்துவிட்டது. என் மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லாதே. அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கீர்த்தனா வெள்ளிக்கிழமை வந்து ஸ்டிக்கரை வாங்கிப்போனாள். பக்கத்துக் கட்டிலில் இப்போது ஆத்தூர்க்காரர் ஒருவர். நாளைக்கு மறுபடியும் திங்கள். நர்ஸ் வந்து என் கைமேல் விரலை வைத்துப் பார்ப்பாள், ஒவ்வொரு தடவையும் சொல்கிறதையே சொல்வாள். என் கை நன்றாக ஓடுகிறது, மேக்ஸ்வெல்.

அக்கா